பாலுக்கு முன், பாலுக்குப் பின்

பிரசவ வார்டில் தாய்மார்களுக்குப் பால் கொடுக்கச் சொல்லித்தருவதற்கென்றே ஒரு நர்ஸ் இருந்தார். வார்டு அவருக்கு வைத்த பெயர் பால்காரம்மா. அப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பார்.

ஜன்னலோரக் கட்டிலில் இருந்தவளின் குழந்தை பிறந்ததிலிருந்து இளைத்துக்கொண்டே வந்தது. இன்றைக்கும் பால் இறங்கவில்லை என்றால் புட்டிப்பால் தொடங்கிவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பால்காரம்மா குழந்தையை எடை போட்டுவிட்டு அவள் மார்போடு சேர்த்துப் பிடித்தார்.

"விழுங்குதும்மா. தொண்டை அசையுது பாருங்க."

அவள் பார்த்தாள். யாருடைய மார்போ, யாருடைய குழந்தையோ என்றிருந்தது. வலிகூட எங்கேயோ தள்ளி வலித்தது.

குழந்தை தானாக மார்பை விட்டது. பால்காரம்மா கை கழுவிவிட்டு வந்து மறுபடி எடை போட்டார். முன்பைவிடக் குறைவாகக் காட்டியது.

"குடிச்சு இளைக்கிற பிள்ளைய இப்பதான் பாக்கறேன், அண்ணி," என்றாள் துணைக்கு வந்திருந்த நாத்தனார். "எங்க அண்ணனுக்கும் கத்துக்கொடுத்தா தொப்பையாவது குறையும்."

யாரும் சிரிக்கவில்லை. கட்டிலில் இருந்தவளுக்கு அழுகையும் வரவில்லை. வேலை முடிந்தாற்போல உள்ளே ஏதோ ஒன்று கால் நீட்டிக்கொண்டது. இனிமேல் புட்டிப்பால்தான்; யாரும் அவளைத் தொட்டுத் திருப்பி உட்கார வைக்கமாட்டார்கள்.

பால்காரம்மா குழந்தையின் இடுப்பைப் பார்த்தார்.

"இது வேற டயப்பராச்சே. யார் மாத்தினது?"

"நான்தான் சிஸ்டர். நீங்க கை கழுவப் போனப்ப. நனைஞ்சு கனத்துப் போயிருந்துச்சு. எடைக்குப் போற பிள்ளை சுத்தமா போகட்டுமேன்னு..."

"நல்ல மனசுதான். பழசு எங்க?"

குப்பைத்தொட்டியிலிருந்து அது வந்தது. புதியதைக் கழற்றி, குழந்தையை வெற்றுடம்பாக எடைத்தட்டில் கிடத்தி, முதல் எடையில் இருந்த அந்த ஊறிப்போன டயப்பரையும் தட்டிலேயே வைத்தார். எண் முதல் எடையைத் தாண்டி ஏறி நின்றது.

"நல்லாவே குடிச்சிருக்கு."

நாத்தனார் அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள்.

"அப்போ நிறுத்த முடியாதா?" என்றாள் கட்டிலில் இருந்தவள்.

நாத்தனார் வாயைத் திறந்தாள். பால்காரம்மா கைகாட்டி அடக்கிவிட்டு, கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"நிறுத்தலாம். அது உங்க இஷ்டம். பால் இல்லைன்னு நினைச்சு மட்டும் நிறுத்தாதீங்க."

சந்தோஷம் வருகிறதா என்று அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். வரவில்லை. குழந்தை முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பி வாயால் எதையோ தேடியது.

"இப்ப எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

"இன்னொரு பக்கம்."

தையல் இழுக்க இழுக்க, மெல்லப் புரண்டு குழந்தைக்கு இடம் விட்டாள்.