கொன்றவன் ஒருவன் வேண்டும்

சேனல்காரர்கள் சுகதனின் முகத்தில் பவுடர் போட்டுவிட்டார்கள். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவனுக்குப் பவுடர் எதற்கு என்று முதல் தடவை கேட்டது அவருக்கு நினைவிருக்கிறது. இப்போதெல்லாம் கேட்பதில்லை. நாற்காலியில் உட்கார்ந்ததும் முகத்தைத் தானாகத் தூக்கிக் காட்டுகிறார்.

அன்றைய விவாதத்தின் தலைப்பு ‘பைத்தியம் என்றால் கொல்லலாமா?’ கேள்வியிலேயே தீர்ப்பும் இருந்தது. அவர் மனைவி, அங்கன்வாடி ஆசிரியை விலாசினியைப் பக்கத்து வீட்டுப் பையன் பிரஜீஷ் வெட்டிக் கொன்று மூன்று வருஷம் ஆகிவிட்டது. மறுநாள் செஷன்ஸ் கோர்ட்டில் விசாரணை. புத்தி சுவாதீனம் இல்லாமல் செய்த காரியம், தண்டிக்கக் கூடாது என்று அவன் தரப்பு வாதாடப் போகிறது. ஊரெல்லாம் இதே பேச்சு. டீக்கடையிலும் சலூனிலும், வக்கீலுக்குப் படித்தவனைவிடப் படிக்காதவன் அதற்கான எண்பத்து நாலாம் சட்டப் பிரிவைத் தெளிவாக விளக்கிக்கொண்டிருந்தான்.

மனநல மருத்துவர் ஷாஹினா சொல்லிப் பார்த்தார். “நோயாளின்னு கோர்ட் சொன்னா வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்க. பூட்டு போட்ட ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவாங்க. பல பேர் ஜெயில்ல இருக்கிறதைவிட அதிக காலம் அங்கதான் கிடக்கிறாங்க.”

ஓய்வு பெற்ற போலீஸ் சூப்பிரண்டு ஒருவர் பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு சிரித்தார். “டாக்டரே, இவனுங்களுக்கெல்லாம் போலீஸ் ஜீப்ல ஏறினப்புறம்தான் பைத்தியமே பிடிக்குது. அதுவரைக்கும் பீவரேஜ் கடையில பிராந்தி வாங்கிட்டு மீதிச் சில்லறைய எண்ணித்தான் வாங்குவானுங்க.”

டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தொகுப்பாளர் சுகதன் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். துக்கத்துக்கென்று அவர் தனியாக ஒரு குரல் வைத்திருந்தார்.

“சுகதன் சேட்டா, அவன் பொறந்ததுலேர்ந்து பார்த்தவர் நீங்க. என்னிக்காவது அவனுக்கு மனசுல கோளாறு இருக்குன்னு உங்களுக்குத் தோணிருக்கா?”

“இல்ல” என்றார் சுகதன்.

“ஒரு நாள்கூட?”

“ஒரு நாள்கூட இல்ல.”

வடிகட்டின பொய். முதல் தடவை சொன்னபோது நாக்கு ஒட்டிக்கொண்டது. இப்போதோ, பஸ்ஸில் கண்டக்டராக இருந்தபோது ஸ்டாப் பேரைக் கூவியதைப் போல வந்து விழுகிறது.

திரும்பும்போது, நீதி கேட்டு ஊர் அமைத்த ஆக்‌ஷன் கவுன்சில் கன்வீனர் பாகுலேயன்தான் காரை ஓட்டினார். விலாசினியின் முகத்தை ஃப்ளெக்ஸில் போட்டு முக்குக்கு முக்கு நிறுத்தியவர் அவர்தான். நல்ல மனுஷன். அடுத்த பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கப் போகிறார், அவ்வளவுதான்.

“பிரமாதம் சேட்டா! ஒரே வார்த்தை, டாக்டரம்மா வாயடைச்சுப் போச்சு. நாளைக்குக் கூண்டுல இதையே சொன்னாப் போதும். அவன் தொலைஞ்சான்.”

சுகதன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிரஜீஷுக்கு நோய் வந்தது இருபத்திரண்டு வயதில். செல்போன் டவரிலிருந்து யாரோ தன்னைத் திட்டுகிறார்கள் என்றான். ராத்திரி கிணற்றங்கரையில் நின்று பதிலுக்குத் திட்டினான். அவனைப் பிடித்து அமுக்கி மேல்துண்டால் கையைக் கட்டியது சுகதன். அப்பன் இல்லாத வீடு, அம்மா ஓமனா வேறு யாரைக் கூப்பிடுவாள்? அவன் தங்கைக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் திருச்சூரில் காட்டினால் வெளி நோயாளி வரிசையிலேயே நாலு சொந்தக்காரன் நிற்பான், சம்பந்தம் கலைந்துவிடும், கோயம்புத்தூருக்குக் கொண்டுபோகலாம் என்று யோசனை சொன்னது யார்? இதே சுகதன்தான். அங்கே அவனுக்கு மனோஜ் என்று ஒரு பொய்ப் பேரைக் கொடுத்ததும் அவர்தான். அங்கே பார்த்த வயசான டாக்டர் செத்துப்போனார். அவர் கிளினிக் இருந்த இடத்தில் இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள். மனோஜும் இல்லை, டாக்டரும் இல்லை.

மாப்பிள்ளை வீட்டார் அக்கம்பக்கத்தில் விசாரிக்க வந்தார்கள். விலாசினி அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்து, “பொண்ணோட அண்ணனா? அவனைப் போல ஒரு பையனப் பார்க்க முடியாது. கொஞ்சம் கூச்ச சுபாவம், அவ்வளவுதான்” என்றாள். அவர்கள் போனதும் சாமி படத்தின் முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கல்யாணம் நடந்தது. பெண் மஸ்கட்டுக்குப் போனாள். தெருவே சேர்ந்து ஒரு நோயை இல்லை என்று ஆக்கிவிட்டது. அத்தனை பேரும் நல்ல மனசோடுதான் செய்தார்கள்.

மாத்திரை சாப்பிட மாட்டேன் என்றான் பிரஜீஷ். எனக்கு என்ன கேடு என்று தட்டைத் தூக்கி எறிந்தான். அம்மா கையால் எது கொடுத்தாலும் முகர்ந்து பார்த்தான். விலாசினி கையால் மட்டும் சாப்பிட்டான். அங்கன்வாடியில் அவனுக்கு மூக்கைச் சிந்திவிட்டவள் அல்லவா. அதனால் மத்தியானக் கஞ்சியில் மாத்திரையைப் பொடித்துக் கலப்பது அவள் வேலையாயிற்று. மேலே பயறும் அப்பளமும் வைத்து அடுக்களைப் படியில் உட்காரவைத்துக் கொடுப்பாள். அவன் தேறினான். பெயிண்ட் வேலைக்குக்கூடப் போனான். கஞ்சியின் அடியில் கரையாமல் கிடந்த வெள்ளைப் பொடியை ஒரு நாள் பார்க்கும்வரைக்கும் போனான்.

சுகதன் குளித்துக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. “டீச்சர், என்னக் கொல்லப் பாத்தீங்களா? நீங்களுமா டீச்சர்?” ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மீன் நறுக்கிக்கொண்டிருந்த பலகையின் மேலேயே விழுந்து கிடந்தாள். அவன் சொன்ன அந்த வார்த்தைகளைச் சுகதன் போலீஸிடம் சொல்லவில்லை. இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

விசாரணை நாள் காலையில், அவர் சட்டையை மாட்டிக்கொண்டிருக்கும்போது ஓமனா பின்பக்கமாக வந்து நின்றாள். மூன்று வருஷமாக அந்தப் பக்கம் வராதவள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள்.

“உள்ள வர மாட்டேன் சேட்டா. எனக்கு அந்த யோக்கியத இல்ல.”

“எதுக்கு வந்த?”

“கோர்ட்ல உள்ளத மட்டும் சொல்லுங்க. நான் சொன்னா பெத்தவ பொய் சொல்றான்னு தள்ளிடுவாங்களாம். வக்கீலம்மா சொல்லிடுச்சு. வெட்டினவனோட அம்மா வாக்குக்கு மதிப்பில்ல, செத்தவளோட புருஷன் சொன்னா மலைபோல நிக்கும்னு.”

“ஜெயில் டாக்டர் பார்த்தாரே. நோய்னு எழுதினாரே.”

“அது இப்ப இருக்கிறதுக்குத்தானாம். அன்னிக்கு இருந்ததான்னு யாராவது சொல்லணுமாம். தெருவுல ஒவ்வொரு வீடா ஏறி எறங்கிட்டேன். நாங்க ஒண்ணும் பார்க்கலையேங்கிறாங்க. கல்யாணத்துக்கு நாமதானே அப்படிச் சொல்லச் சொன்னோம்? இப்ப மாத்திச் சொல்லச் சொன்னா எந்த முகத்தோட கேப்பேன்? பொண்ணோ, அம்மா, என் பேர மட்டும் இழுக்காதேன்னு போன்ல அழுவுறா.” புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “அவன வெளிய விடச் சொல்லலையே சேட்டா. ஆஸ்பத்திரியில போட்டு சாகறவரைக்கும் பூட்டட்டும். ஜெயில்ல அடிக்கிறாங்க அவன.”

“அடிக்கட்டும்.”

“அடிக்கட்டும். சரி.” அவள் தலையசைத்தாள். “மருந்து குடுக்கிறாங்க, தெளிஞ்சிட்டான். தெளிஞ்சதுதான் பெரிய கொடும. செஞ்சதெல்லாம் தெரியுது அவனுக்கு. தலைய சுவத்துல முட்டிக்கிட்டான். அது விஷமில்லடா, மருந்துடா, டீச்சர் உன் நல்லதுக்குக் கலந்ததுடான்னு போன மாசம் நான்தான் சொன்னேன். அதக் கேட்டு அழுதான். அப்புறம், ‘கஞ்சியில ஏதோ இருந்தது நெசந்தானேம்மா? நானா கற்பன பண்ணலையே?’ன்னு கேட்டான். அதையே பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். சும்மா கொல்லலைன்னு ஒரு இது.”

சுகதனுக்கு இத்தனை நாள் எந்த மைக்கின் முன்னாலும் வராதது அப்போது வந்தது.

“ஓமனா, அவனுக்கு நோய் இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா? என்னவிட யாருக்குத் தெரியும்? ஆனா நோய்தான் செஞ்சுதுன்னு கோர்ட் எழுதிட்டா என் விலாசினியக் கொன்னது யாரு? தென்னமரம் விழுந்து செத்தாளா அவ? இடி விழுந்து செத்தாளா? கொன்னவன்னு ஒருத்தன் வேணும் எனக்கு. இல்லேன்னா நான் யாரப் பார்த்து...” சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகினார். “யோசன சொன்னது நானு. பொய்ப் பேரு குடுத்தது நானு. மாத்திரைய வாங்கியாந்தது நானு. அவன் இல்லேன்னா மிச்சம் இருக்கிறது யாரு, சொல்லு?”

வாசலில் பாகுலேயனின் கார் ஹாரன் அடித்தது. அவள் வந்த வழியே போனாள்.

காரில் போகும்போது, கோர்ட்டில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் அவருக்குத் தோன்றியது. அவருக்காக இதையும் சொல்லத்தான் வேண்டும். விலாசினி இருந்திருந்தால் என்ன சொல்வாள் என்று யோசித்தார். அவள் சொல்லியிருப்பாள், “பாவம், நோக்காட்டுக் கொழந்த.” அதை நினைத்ததும் அவருக்கு அவள்மேலேயே கோபம் வந்தது. செத்தும்கூட அவன் பக்கம் நிற்கிறாளே என்று.

கோர்ட் ஹால் நிரம்பியிருந்தது. ஆக்‌ஷன் கவுன்சில் பெண்கள் விலாசினியின் படத்தை நெஞ்சில் குத்திக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பிரஜீஷைக் கூண்டில் நிறுத்தினார்கள். மொட்டைத் தலை, பருத்த முகம், மருந்து ஊதவைத்த உடம்பு. சுகதனைப் பார்த்ததும் சின்ன வயசுப் பழக்கத்தில் கையைத் தூக்கினான், பிறகு சட்டென்று இறக்கிக்கொண்டான்.

அரசுத் தரப்பு கேட்டு முடித்தது. அவன் தரப்பு வக்கீல் ஷீபா எழுந்தாள். சின்னப் பெண், தொண்டை கரகரத்தது.

“பிரஜீஷக் கோயம்புத்தூர்ல ஒரு மனநல டாக்டர்கிட்ட நீங்கதான் கூட்டிட்டுப் போனீங்க. சரியா?”

சுகதன் நீதிபதியைப் பார்த்தார், தட்டச்சுக்காரரைப் பார்த்தார். ‘சரி’ என்ற சொல் நாக்கு நுனிவரை வந்திருந்தது. அப்போது பின்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் மார்பில் விலாசினி ஆடினாள்.

“இல்ல.”

“அவனுக்கு வெறி வந்தப்போ கையைக் கட்டினது நீங்கதானே?”

“இல்ல.”

ஷீபாவின் முகத்தில் ஈயாடவில்லை. கடைசிக் கேள்வியை மெதுவாகக் கேட்டாள். “உங்க மனைவி அவனுக்குத் தினமும் கஞ்சி குடுத்தாங்க. அந்தக் கஞ்சியில மாத்திரையப் பொடிச்சுக் கலந்தாங்க. அதப் பார்த்து விஷம்னு நினைச்சுத்தான் அவன் இந்தக் காரியத்தச் செஞ்சான். இது உங்களுக்குத் தெரியும், இல்லையா?”

“கஞ்சி குடுத்தா” என்றார் சுகதன். “வேற ஒண்ணும் கலக்கல. பயறும் அப்பளமும்தான். அவன் அம்மா கட்டின கதை அது.”

ஹாலில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. ஷீபா உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் கூண்டிலிருந்து சத்தம் வந்தது.

“சேட்டா.”

போலீஸ்காரர் அவன் தோளை அழுத்தினார். அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். சண்டைக்கு வருகிற முகமில்லை. பாடத்தில் ஒரு இடம் புரியாமல் நிற்கிற பிள்ளையின் முகம்.

“சேட்டா, ஒண்ணுமே கலக்கலையா? அடியில வெள்ளையா இருந்துச்சே. அம்மா மருந்துன்னு சொல்லிச்சு. அதுவும் இல்லையா?”

“சத்தம் போடாதே” என்றார் நீதிபதி.

“இல்ல சார், ஒரே ஒரு நிமிஷம் சார். சேட்டன் பொய் சொல்ல மாட்டாரு சார்.” அவன் சுகதனையே பார்த்துக்கொண்டிருந்தான். “அப்ப நான் சும்மாதான் வெட்டினேனா சேட்டா? டீச்சர... ஒண்ணுமே இல்லாமயா?”

மூன்று வருஷமாகச் சுகதன் கேட்டது இதைத்தான். செய்தது இன்னதென்று தெரிந்த ஒருவன், தன் கையால்தான் செய்தேன் என்று ஒத்துக்கொள்ளும் ஒருவன். அவன் இதோ எதிரே நின்று அழுதுகொண்டிருந்தான். ஆமாம் மோனே, இருந்தது, மருந்து இருந்தது என்று ஒரு வரி சொன்னால் போதும். சுகதன் வாயைத் திறந்தார். வெறும் காற்றுத்தான் வந்தது.

“சாட்சி இன்னும் ஏதாவது சொல்லணுமா?” என்று நீதிபதி கேட்டார்.

“ஒண்ணுமில்ல” என்றார்.

பிரஜீஷ் கம்பியை விட்டான். “அப்ப என்ன வேணா பண்ணுங்க சார்” என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டான்.

வெளியே வந்ததும் பாகுலேயன் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். “அவனே ஒத்துக்கிட்டான் சேட்டா! எந்த வக்கீல் வந்தும் இனிமே பூசி மெழுக முடியாது.” மைக்குகள் முட்டி மோதிக்கொண்டு வந்தன. அன்று சாயங்காலத்துக்கான தலைப்பு அதற்குள் ஓட ஆரம்பித்திருந்தது. சுகதனின் வாய் தானாக, “நீதி கிடைக்கும்னு நம்பிக்கை இருக்கு” என்றது.

படியிறங்கும் இடத்தில் ஓமனா நின்றுகொண்டிருந்தாள். திட்டவில்லை. மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்து ஒரு பெண் போலீஸ் பக்கத்தில் வந்து நின்றாள், அதுவும் நடக்கவில்லை.

“தண்டன கிடைக்கட்டும் சேட்டா. அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல” என்றாள். “அவன் கேட்டதுக்கு மட்டும் ஆமான்னு சொல்லியிருக்கலாம். அவனுக்கு மட்டும் கேக்கற மாதிரியாவது.”

பாகுலேயன் கார்க் கதவைத் திறந்துகொண்டு காத்திருந்தார். சுகதன் ஏறி உட்கார்ந்தார். சேனலுக்கு நேரமாகிவிட்டது என்று வண்டியை வேகமாக எடுத்தார்கள்.