ஒரு தட்டு மௌனம்

வாயைத் திறப்பதில்லை என்று பெரியக்காவிடம் வாக்கு வாங்கிக்கொண்ட பிறகுதான் தம்பி அவளை நூலகத்தின் மாடி அறைக்கு அழைத்துப் போனான். கொடுத்த வாக்கைக் காப்பதில் அந்த வீட்டுக்கு ஒரு பேர் உண்டு. பெரியக்காவுக்கு எழுபத்திரண்டு வயது. இன்றைக்கும் நாற்காலியில் முதுகைச் சாய்க்காமல்தான் உட்காருவாள். முப்பத்தைந்து வருஷம் தொலைபேசி நிலையத்தில் மேற்பார்வையாளராக இருந்தவள். எதிர்முனையில் மூச்சு விட்டாலே ஆள் யாரென்று சொல்லிவிடுவாள்.

தம்பி ஆறு வயது இளையவன். லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். விடுமுறை நாட்களில் இசைக்குழுக்களில், பாட்டுக்கு அடியில் கனமாக ஒலிக்கும் பேஸ் கிடார் வாசித்தான். டிரம்ஸுக்குப் பக்கத்தில், மேடை விளக்கு எட்டாத இடமாகப் பார்த்து நிற்பான். அதனால் நண்பர்கள் அவனை ‘மூலை’ என்று கூப்பிட்டார்கள். அந்தப் பேரைக் கேட்டாலே பெரியக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்பா ஆசையாக வைத்த பேர் ஒன்று இருக்கும்போது மூலையாவது முடுக்காவது!

அன்றைய கூட்டத்தின் தலைப்பு, ‘எனக்குப் பிடித்த பேஸ் கிடார் கலைஞர்’. கிடார் இருப்பவர்கள் கொண்டுவரலாம் என்று அறிவிப்பில் போட்டிருந்ததால் தம்பியும் தன் பழைய கிடாரைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். கூட்டத்தை நடத்திய விரிவுரையாளர் அதே பொருளில் ஒரு புத்தகம் எழுதி முடித்திருந்தார். திங்கட்கிழமை அது அச்சுக்குப் போகிறது. அதன் முதல் அத்தியாயம் முழுக்க ஒரே ஒரு பாட்டைப் பற்றியது. நாற்பத்தொரு வருஷத்துக்கு முன் வந்த மழைப்பாட்டு. இன்றும் பாத்திரம் கழுவும்போது எல்லார் வாயிலும் வருகிற பாட்டு.

பெரியக்காவின் நெஞ்சில் முள்ளாக இருந்ததும் அந்தப் பாட்டுதான். இசைத்தட்டின் உறையில் பேஸ் கிடாருக்கு நேரே நெட்டையர் என்ற பெரிய கலைஞரின் பேர் இருந்தது. மற்ற ஏழு பாட்டுகளையும் வாசித்தவர் அவர்தான். மழைப்பாட்டு பதிவான அன்று மட்டும் அவருக்குக் கடும் காய்ச்சல். அவசரத்துக்குக் கூப்பிடப்பட்டு, வேலைச் சட்டையோடு போய் வாசித்துவிட்டு வந்தவன் தம்பி. உறை அதற்குள் அச்சாகிவிட்டது. “போகட்டும்க்கா” என்றான். அது நாற்பத்தொரு வருஷமாகப் போய்க்கொண்டேயிருக்கிறது.

முதலில் மருந்துக்கடைக்காரர் எழுந்து, தமக்குப் பிடித்த கலைஞரின் வேகத்தைப் புகழ்ந்தார். “ஒரு நொடிக்குப் பன்னிரண்டு சுரம் சார்! விரலே கண்ணுக்குத் தெரியாது!” ‘டைப் அடிக்கிற வேலைக்குப் போயிருக்கலாம்’ என்று பெரியக்கா மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அடுத்து ஒரு பெண், பஸ் ஓட்டுநர். “பேஸ் வாசிக்கிறது வண்டி ஓட்டுற மாதிரிங்க. கியர் மாத்துனதே உள்ள தூங்குறவங்களுக்குத் தெரியக் கூடாது. ஆனா ஓட்டுறவன் கொஞ்சம் கண்ணசந்தா எல்லாரும் முழிச்சுக்குவாங்க” என்றாள். பெரியக்கா அவளைத் திரும்பிப் பார்த்து ஒருமுறை தலையசைத்தாள்.

பிறகு விரிவுரையாளர் மழைப்பாட்டைப் போட்டார். கடைசிச் சரணத்துக்கு முன் பேஸ் தாளத்தில் ஒரு தட்டு நேரம் நின்று, மறுதட்டில் தரையே எழுந்து வருவதுபோல் திரும்பியது.

“கேட்டீங்களா? ஒரே ஒரு தட்டு மௌனம்! இதைப் பத்தி மட்டும் பதினோரு பக்கம் எழுதியிருக்கேன். நெட்டையரைத் தவிர வேற யாருக்கு இந்தத் துணிச்சல் வரும்? இப்ப பேஸை மட்டும் தனியாப் பிரிச்சுப் போடறேன்.”

மற்ற வாத்தியங்கள் மறைந்தன. அந்த மௌனத்தின் நடுவில், எலி பல்லைக் கடித்ததுபோல் மிக மெல்லிசாக ஒரு சத்தம்: ‘கரக்’.

பெரியக்காவின் காது நிமிர்ந்தது. பக்கத்து அறையிலிருந்து எத்தனை ஆயிரம் தடவை கேட்ட சத்தம் அது! தம்பி குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் முறை வந்தது. எழுந்தவன் சொன்னான்: “எனக்குப் பிடிச்சவர் நெட்டையண்ணன்தான். ஒரு சுரத்தை எப்பத் தொடணும்னு எல்லாருக்கும் தெரியும். எப்ப விடணும்னு அவருக்குத்தான் தெரியும்.”

“அந்த மௌனம் மாதிரி!” என்றார் விரிவுரையாளர்.

“அது... இருக்கு. சுமாராத்தான் இருக்கு.”

“சுமாரா?” அறை முழுவதும் சிரித்தது. “ஐயா, அது புரியறதுக்கும் கொஞ்சம் ஞானம் வேணும்” என்றார் மருந்துக்கடைக்காரர்.

பெரியக்கா எழுந்துவிட்டாள்.

“தம்பி, நான் குடுத்த வாக்கைத் திருப்பி எடுத்துக்கறேன். தப்பா இருந்தா வீட்டுக்கு வந்து திட்டிக்கோ.” பிறகு விரிவுரையாளர் பக்கம் திரும்பினாள். “அந்தப் பாட்டை வாசிச்சது இவன்.”

விரிவுரையாளர் மரியாதையானவர். ஆனாலும் சொன்னார்: “அம்மா, நாற்பது வருஷம் கழிச்சு யார் வேணும்னாலும் சொல்லலாமே.”

அந்தக் குடும்பத்தில் யாரையும் யாரும் அதுவரை பொய்யர் என்று சொன்னதில்லை. பெரியக்காவின் குரல் உயரவில்லை, தாழ்ந்தது.

“சொல்ல வேண்டாம். கேளுங்க. அந்த மௌனத்துக்கு முன்னாடி தடிக்கம்பி சுருதி இறங்குதா இல்லையா?”

மறுபடி போட்டார்கள். “ஆமா, லேசாத் தொங்குது. அப்புறம் நேராயிடுது” என்றாள் பஸ் ஓட்டுநர்.

“டேய், நீயே சொல்லு.”

தம்பி வேறு வழியில்லாமல் சொன்னான். அன்று வாசித்த இதே கிடாரில் தடிக்கம்பியை முறுக்கும் சாவிக்கு உள்ளே ஒரு பல் தேய்ந்துபோயிருக்கிறது. பலமாக வாசிக்க வாசிக்கக் கம்பி மெல்ல நழுவும். மழைப்பாட்டின் அளவுக்கு வாசித்தால் கடைசிச் சரணத்துக்குச் சற்று முன்னால் நழுவிவிடும். இடது கையை எடுத்து ஒரு திருகு திருகினால் சரியாகிவிடும். அதற்கு ஒரு தட்டு வேண்டும்.

“ஊரு லிஃப்டையெல்லாம் ரிப்பேர் பண்ணினவன், இதை மட்டும் பண்ண மாட்டான்” என்றாள் பெரியக்கா.

“இது எப்ப நழுவும்னு எனக்குத் தெரியும்க்கா. புதுசுக்கு என்ன குணமோ!”

விரிவுரையாளர் கணினியைத் திருப்பினார். “பேஸ் இல்லாம மத்ததை ஓட விடறேன். வாசிங்க.”

கிடாரை மாட்டிக்கொண்ட தம்பி அக்காவின் காதருகே குனிந்தான். “இன்னிக்குப் பார்த்து நழுவலைன்னா?”

“நாற்பத்தொரு வருஷமா மானத்தை வாங்கினது, இன்னிக்கு ஒரு நாள் காப்பாத்தாதா? வாசி.”

பாட்டு தொடங்கியது. அவன் அவசரப்படவில்லை. பாடகியின் குரல் நீண்ட இடத்தில் கிடாரும் அடியில் நீண்டது. டிரம்ஸ் விழும் இடத்தில் மயிரிழை முன்னால் விலகி வழிவிட்டது. நாற்காலிக் கால்கள் அதிர்ந்தன. தனக்கென்று எதையும் எடுத்துக்கொள்ளாத வாசிப்பு. ஆனால் அந்தக் குரல் நின்றதே அதன்மேல்தான். மூலையில் நின்றவன் பாட்டு முழுவதையும் முதுகில் சுமந்திருக்கிறான் என்று பெரியக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது.

கடைசிச் சரணம் நெருங்கியது. கம்பி இறங்கவில்லை. பெரியக்கா கைப்பையின் பிடியை இறுக்கிக்கொண்டாள். இன்னும் நான்கு தட்டு. இன்னும் மூன்று.

தடிக்கம்பி மெல்லத் தொங்கியது. இடது கை பறந்தது. ‘கரக்’. ஒரு தட்டு மௌனம். மறுதட்டில் தரை எழுந்து வந்தது.

“அதேதான்! அதேதான்!” பஸ் ஓட்டுநர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். அறையே எழுந்து கைதட்டியது. நூலகர் என்னவோ ஏதோ என்று கீழேயிருந்து ஓடிவந்தார்.

மருந்துக்கடைக்காரர் மட்டும் விடவில்லை. “அப்போ அது கலை இல்லையா? வெறும் பழுதா?”

“பழுது சாவியோடது” என்றாள் பெரியக்கா. “அதைப் பாட்டுக்குள்ள மறைச்சு வெச்ச கை எங்க வீட்டுது.”

“ஆனா ஏன் சரியா அந்தத் தட்டு?” என்று கேட்டார் விரிவுரையாளர்.

“பாடறவங்க அங்கதான் மூச்சு எடுப்பாங்க. அந்த நேரத்துல நானும் என் வேலையை முடிச்சுக்கிட்டேன்” என்றான் தம்பி. “நெட்டையண்ணனைத் தப்பா எழுதிடாதீங்க. பார்க்கும்போதெல்லாம், ‘உன் பாட்டுக்கு எனக்கு மாலை போடறாங்கடா’ன்னு தலையில அடிச்சுக்குவார். நான்தான் யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்னேன்.”

விரிவுரையாளர் முதல் அத்தியாயத்தைத் திறந்தார். “பதினோரு பக்கத்தையும் திரும்ப எழுதறேன். ஐயா, உங்க பேர்?”

“மூலைன்னே போடுங்க.”

“மூலையாம் மூலை!” பெரியக்கா அவனை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தாள். “நான் சொல்றேன், எழுதுங்க.” தொலைபேசி நிலையத்துக் குரலில், ஒவ்வோர் எழுத்தாக, அறையின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னாள். எழுதியதைத் திருப்பிப் படிக்கச் சொன்னாள். அவர் படித்தார். கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

“இனிஷியலுக்கு அப்புறம் புள்ளி வைக்கலையே. வைங்க. அது எங்க அப்பா.”