மூன்றாவது கதவு

காலை எட்டரைக்கு மணி அடித்ததும், தையல் கம்பெனி சூப்பர்வைசர் இரண்டாம் மாடியின் பின்படிக்கட்டுக் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். ஒரு பீஸ் துணிகூட வெளியே போகக் கூடாது என்பது முதலாளியின் கட்டளை. மெஷின்களில் உட்கார்ந்திருக்கும் நூற்றுப் பத்துப் பெண்களும் முதுகுக்குப் பின்னால் அவரைப் 'பூட்டு சார்' என்பார்கள். அது அவர் காதிலும் விழுந்திருக்கிறது. கண்டுகொள்ள மாட்டார்.

அவருடைய ஒரே மகள் பன்னிரண்டாம் வகுப்பு. ஆசிரியை ஒருத்தியின் ஏற்பாட்டில் வேறு இரண்டு நாடுகளைச் சேர்ந்த இரண்டு பெண்களோடு அவளுக்குப் பழக்கம். வாரம் ஒருநாள் செல்போனில் முகம் பார்த்து, அரைகுறை ஆங்கிலத்தில் பேசிக்கொள்வார்கள். அதில் ஒருத்தியின் அக்கா, தையல் கம்பெனித் தீயில், பூட்டிய கதவுக்குப் பின்னால் செத்துப்போனவள். மூன்று நாட்டிலும் இப்படிப் பூட்டிக் கிடக்கும் கதவுகளைப் படம் எடுத்து, சட்டைகளை வாங்கி விற்கும் பெரிய நிறுவனத்துக்குச் சேர்ந்தே கடிதம் எழுதுவதென்று மூவரும் தீர்மானித்திருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டின்போது மகள் மெல்ல ஆரம்பித்தாள்.

"அப்பா, உங்க கம்பெனிலயும் பின்கதவைப் பூட்டித்தான் வைக்கிறீங்களா?"

"உனக்கெதுக்கு அது?"

"ஒரே ஒரு போட்டோ எடுத்துக் குடுங்கப்பா. அங்கயும் இதே சட்டைதான் தைக்கிறாங்க. அந்தப் பொண்ணோட அக்கா கதவுகிட்டயே..."

அவர் கையை உதறிக்கொண்டு எழுந்தார். "என் வேலைக்கே உலை வைக்கப் பாக்குறியா? ஊர் பேர் தெரியாதவளுங்களோட சேந்துக்கிட்டு அப்பன் சோத்துல மண்ணள்ளிப் போடுவியா?"

செல்போனைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு மதியம் இஸ்திரிப் பகுதியில் தீப்பிடித்தது. முன்படிக்கட்டைப் புகை அடைத்துக்கொண்டது. கீழே சரக்கு ஏற்றிக்கொண்டிருந்த சூப்பர்வைசர் பின்படிக்கட்டில் விழுந்தடித்து ஏறினார். கதவுக்கு அந்தப் பக்கம் தட்டும் சத்தம். அவசரத்தில் சாவி துவாரத்துக்குள் போக மறுத்தது. சாவி உள்ளே போனபோது தட்டும் சத்தம் குறைந்திருந்தது. கதவு திறந்ததும் பெண்கள் அவரை மிதித்துக்கொண்டு ஓடினார்கள். வாசலில் கிடந்த நால்வர் எழவேயில்லை. அவர்களில் ஒருத்தி காலையில் தலைவலி என்று அரைநாள் லீவு கேட்டவள். முடியாது என்று திருப்பி அனுப்பியவர் அவர்தான்.

மூன்று நாள் அவர் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் கிடந்தார். நாலாம் நாள் காலை, பீரோவைத் திறந்து செல்போனை மகளிடம் நீட்டினார். சார்ஜ் ஏறி உயிர் வந்ததும் செய்திகள் வந்து குவிந்தன.

"என்னம்மா எழுதியிருக்காங்க?"

மகள் படித்துவிட்டுச் சொன்னாள். "என் போட்டோவுக்காக ரொம்ப நாள் காத்திருந்துட்டு, ரெண்டு படத்தோட கடிதத்தை அனுப்பிட்டாங்கப்பா. அந்த நிறுவனத்துலேருந்து ஆள் வந்து பாத்து, ரெண்டு கதவையும் திறக்க வச்சிட்டாங்களாம். 'உன்னோட கதவு என்னாச்சு?'ன்னு கேக்குறாங்க."

அவர் தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, அக்காவை இழந்த பெண்ணை அழைக்கச் சொல்லி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். மகள் அழுதபடியே ஆங்கிலத்தில் சொல்லி முடித்தாள். திரையில் இருந்த பெண் ஏதோ கேட்டாள்.

"இதை உங்க பேர் போட்டு அந்த நிறுவனத்துக்கு எழுதலாமான்னு கேக்குறாப்பா. உங்களுக்கு வேலை போகும், ஜெயிலுக்கும் போக வேண்டி வரும்னு சொல்றா."

"போடச் சொல்லு. பூட்டச் சொன்னது முதலாளி, பூட்டினது நான்." அதற்குமேல் அடக்க முடியாமல் உடைந்து அழுதார். "பொண்ணுங்க நாடு விட்டு நாடு கூடிப் பேசினா குடும்பம் கெட்டுடும்னு நினைச்சேன்மா. பேச விடாம உன் வாயைப் பூட்டினதாலதான் நாலு குடும்பம் நாசமாச்சு."