துணைக்கு ஒரு ‘ஸ்’

1

இந்தக் கதை வீடு கூட்டும்போது கிடைத்தது. துடைப்பத்தோடு மஞ்சளும் சிவப்புமாக இலைகள் வந்தன. முறத்தில் அள்ளும்போதே முதல் வரியும் வந்துவிட்டது. (“அவள்” என்றுதான் எழுதப்போகிறேன். “நான்” என்று தொடங்கினால் இரண்டாவது வரிக்குப் போக முடியவில்லை.)

2

மலர்வளையம் கட்டுகிற அவள் கணவர், ஒருநாள் காலையில், கையில் கத்தரியோடு அப்படியே

வேண்டாம். இப்படித் தொடங்கினால் கதை அங்கேயே உட்கார்ந்துவிடும். அவர் செடி வாங்கி வந்த நாளிலிருந்து தொடங்குகிறேன்.

“குரோட்டன்ஸ் நல்லாருக்குங்க.”

“ஒத்தைச் செடிக்கு எதுக்குடி ‘ஸ்’?”

“தனியா நிக்குதே. துணைக்கு இருக்கட்டும்.”

அதன்பிறகு தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம், “உன் ‘ஸ்’ஸுக்கும் சேத்து ஊத்திட்டேன்டி” என்பார்.

3

அந்த இலைக்கு வேலைகள் அதிகம். வேலியாக நிற்கும், கல்யாண மேடையில் பூங்கொத்துக்குள் நிற்கும், கடைசியில் சவப்பெட்டி மேலும் கிடக்கும். “பூ மதியமே தலையைத் தொங்கப்போட்டுரும். வந்தவங்க போறவரைக்கும் மானத்தைக் காப்பாத்துறது இலைதான்” என்பது அவர் பேச்சு.

அவருக்கான வளையத்தை அவர் தம்பி கட்டினார்.

“அண்ணி, செடியில வெட்டிக்கட்டுமா?”

“வெட்டுங்க.”

பாதி இலை போயிற்று.

4

(இந்தப் பகுதியை அடித்து அடித்து எழுதினேன்.) மீதி இலையோடு நின்ற தொட்டியை அவள் பால்கனி வெயிலிலிருந்து தூக்கிவந்து, கட்டிலில் அவர் படுக்கும் பக்கமாக வைத்தாள். குரோட்டனுக்கு இடம் மாற்றினால் ஆகாது. கோபித்துக்கொண்டு இலையெல்லாம் கொட்டிவிடும். அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும்தான்

இப்போது நிற்பது வெறும் குச்சி.

“நகத்தால லேசா சுரண்டிப் பாருங்க அண்ணி” என்றார் தம்பி, தொலைபேசியில். “உள்ள பச்சை தெரிஞ்சா உசிரு இருக்கு. எதுக்குப் பயப்படுறீங்க?”

5

கதைக்கு எழுதிப் பார்த்த ஒரு முடிவில் பச்சை தெரிகிறது. குச்சியை வெட்டி இரண்டு தொட்டிகளில் நடுகிறாள், ‘ஸ்’ நிஜமாகிறது. அழகாகத்தான் இருக்கிறது, அதனாலேயே நம்பிக்கை வரவில்லை. இன்னொரு முடிவில் சுரண்டிய இடம் பழுப்பு. அவள் எழுந்து

நேற்று அவள் பத்து விரலிலும் நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டாள்.

உங்களுக்கு நகம் இருக்குமே. உள்ளே போங்கள், கட்டிலின் இடப்பக்கம். சுரண்டிப் பாருங்கள். பார்த்ததை எனக்குச் சொல்ல வேண்டாம். குரோட்டன்ஸுக்குத் தண்ணீர் ஊற்றும் நேரமாயிற்று.