எட்டாவது தாள்

டெல்லி மயூர் விஹாரில் மெட்ரோ ஏறி உட்கார்ந்ததும் வள்ளியம்மை பைக்குள்ளிருந்து அந்தத் தாளை எடுத்தாள். யமுனைப் பாலம் வந்ததும் மடித்து உள்ளே வைத்தாள். நான்கு நாட்களாக இதுதான் நடக்கிறது. திங்கட்கிழமை நர்ஸிங் பள்ளியில் முதல் வகுப்பு. அதற்குள் எட்டுப் பயிற்சித்தாள்களை எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். கரோல் பாக் மூக்குக்கண்ணாடிக் கடையில் பத்திலிருந்து எட்டு வரை நின்று வேலை பார்த்து, போகிற வழியிலும் வருகிற வழியிலும் படித்தே ஏழு தாள்களை முடித்திருந்தாள். எலும்புகள், இரத்த ஓட்டம், கை கழுவும் முறை. எட்டாவது தாள் நோயாளியின் உடலுக்குள் போகும் நீரையும் வெளியே வரும் நீரையும் குறித்துவைப்பது பற்றியது.

மழை ஓய்ந்த மாதம். ஆறு நிரம்பி, ஓடுவதே தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பழுப்பு நீருக்கு மேல் வண்டி ஏறியதும் அவள் கணவன் கௌதமன் எதிர் இருக்கையில் வந்து உட்காருவான். ஆஸ்பத்திரிப் போர்வையைப் போர்த்தியிருப்பான், உதடு வெடித்திருக்கும், முகம் மட்டும் சிரித்தபடி. அவன் இறந்து இரண்டு வருஷம். மண்டி ஹவுஸில் கூட்டம் ஏறும்போது யாருக்கோ இடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுவான். உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான்.

அவனுக்குச் சிறுநீரகம் பழுது. நாளொன்றுக்கு எண்ணூறு மில்லிக்கு மேல் எதுவும் குடிக்கக் கூடாது. அந்த வார்டில் ஒரு நர்ஸுக்கு முப்பது கட்டில். அதனால் அளவுக் குவளையையும் தாளையும் கூட இருப்பவர் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். கணவன் குடித்ததையும் கழித்ததையும் வள்ளியம்மைதான் எழுதினாள். ஆனால் அவள் சாப்பிடுவதற்காகப் பிளாஸ்க்கைத் திறந்தால் ரச வாசனைக்கு அவன் கண் விழிப்பான்.

"ஒரு வாய் குடு வள்ளி. எழுதிக்காத."

நாலு ஸ்பூன். சில வேளை அரை டம்ளர். மூன்றாம் நாள் எடை கூடியிருந்தது, தாளில் எல்லாம் சரியாக இருந்தது. நர்ஸ் கட்டிலின் கால்மாட்டில் நின்று, பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி, முகம் நிமிராமல் கேட்டாள், வேறு ஏதாவது கொடுத்தாயா என்று. நஹி என்றாள் வள்ளியம்மை. அந்தத் தாளை நம்பி மருந்தை மாற்றினார்கள். ஆறாம் நாள் விடியற்காலை அவன் போய்விட்டான்.

இப்போது எட்டாவது தாளின் ஐந்தாம் கேள்வி: நோயாளியின் எடையும் தாளும் பொருந்தவில்லை. உறவினர் எதையோ மறைப்பதாக நினைக்கிறீர்கள். அவரிடம் எப்படிக் கேட்பீர்கள்?

கடையில் மதியம் கூட்டமில்லை. லென்ஸ் தேய்த்துப் பொருத்தும் ஆரிப் அவள் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தான். ஆம்பூர்க் குடும்பம், அவன் பிறந்தது டெல்லியில்.

"என்ன சிஸ்டர்ஜி, இன்னும் அதே காகஸா?"

"நான் போகல ஆரிப். என் இடத்துக்கு ஆள் தேடணுமான்னு சேட்ஜி இன்னைக்குப் போன் பண்ணிக் கேப்பாரு. வேணாம்னு சொல்லிடப்போறேன்."

"பாகல் ஆயிட்டீங்களா, பைத்தியமா? போன வாரம்கூட என் கையப் பிடிச்சு எலும்பு எலும்பா பேரு சொன்னீங்க." தாளை வாங்கி அந்த ஆங்கிலக் கேள்வியைப் படித்தான். "இதுல என்ன இருக்கு? நான் சிஸ்டர், நீங்க பேஷன்ட் வீட்டுக்காரங்க. வாங்க, ப்ராக்டிஸ் பண்ணலாம்."

கண்ணாடி துடைக்கும் மஞ்சள் துணியைத் தலையில் தொப்பிபோல் வைத்துக்கொண்டான். வள்ளியம்மைக்குச் சிரிப்பு வந்தது.

"ஏ பெஹன்ஜி! என்ன குடுத்தீங்க? ஜல்தி சொல்லுங்க, எனக்கு ஆயிரம் வேலை!"

"ஒண்ணும் குடுக்கல சிஸ்டர்."

"ஜூட்! பொய்யி!"

"குடுக்கலைன்னு சொல்றேன்ல!"

அது அன்றைக்கு நர்ஸிடம் வந்த அதே குரல். இத்தனை நாள் தொண்டைக்குள்ளேயே இருந்திருக்கிறது போலும். ஆரிப் துணியைத் தலையிலிருந்து எடுத்தான். குட்டை ஸ்டூலை இழுத்துப்போட்டு, அவளை அண்ணாந்து பார்க்கிற மாதிரி உட்கார்ந்தான்.

"அச்சா," என்றான் மெதுவாக. "அவருக்கு என்ன பிடிக்கும்?"

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதன் காற்று ரொம்ப தூரத்திலிருந்து, ஏதோ ஆற்றின் மேலிருந்து வருவதுபோல் இருந்தது.

"ரசம்," என்றாள் வள்ளியம்மை. "மிளகு கூடப் போட்டு. கேட்டாரு, குடுத்தேன். எழுதல."

அவன் மஞ்சள் துணியை மடித்து மடியில் வைத்தான்.

"அதனாலதான் போயிட்டாரா ஆரிப்?"

"எனக்கு எப்படித் தெரியும் வள்ளி? நான் லென்ஸ் தேய்க்கிறவன்."

"எனக்கும் தெரியல," என்றாள். தாளை இழுத்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினாள்: முதலில் உட்காருவேன். நோயாளிக்கு என்ன பிடிக்கும் என்று கேட்பேன். பேனாவை மூடி வைத்திருப்பேன்.

கண் பரிசோதனை அறையிலிருந்து ஒரு பஞ்சாபி அம்மாள் கனத்த சோதனைக் கண்ணாடியோடு தடுமாறி வந்தாள். தூரப் பார்வை சரியாக இருக்கிறதா என்று வாசலில் நின்று பார்க்க வேண்டுமாம். வள்ளியம்மை அவள் முழங்கையைப் பிடித்துப் படியருகே கூட்டிப்போனாள். உள்ளே போன் அடித்தது.

"சேட்ஜி போன்ல," என்று கத்தினான் ஆரிப். "என்ன சொல்லட்டும்?"

"வேற ஆள் பாக்கச் சொல்லு."

அம்மாள் எதிர்க் கட்டிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் மூன்றாம் மாடியில் யாரோ ஒரு பெண் வெயிலில் நின்று ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். அம்மாள் கையைத் தூக்கி அசைத்தாள். தன்னைத்தானா என்று தெரியாமல் அந்தப் பெண் அப்படியும் இப்படியும் திரும்பிப் பார்த்தாள். பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, அவளும் கையை உயர்த்தினாள்.