கீழே போய்ப் பார்த்துவிட்டு வா

முட்டி வலி என்றால் காலையிலேயே வலித்திருக்க வேண்டாமா, வீட்டில் லிஃப்ட் ஓடவில்லை என்றதும் மாடிப்படி முழுவதும் எனக்கு முன்னால் தடதடவென்று இறங்கிப் போய், வாசலில் நின்று கைக்கடிகாரத்தை வேறு பார்த்தவருக்கு, கப்பலுக்குள் இறங்கும் இந்தச் சின்ன மர ஏணியைக் கண்டதும் மட்டும் எங்கிருந்து வந்தது வலி... வரட்டும், நன்றாக வரட்டும், இத்தனை வருஷத்தில் அவருக்கும் ஏதாவது ஒன்று வலிக்கட்டுமே. "எனக்கு முட்டி ஒத்துக்கல. நீ கீழ போய்ப் பாத்துட்டு வா," என்றார் என் கணவர், மேல்தளத்தில் சுருட்டி வைத்திருந்த வடத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு. எதைங்க பார்க்கணும் என்று கேட்டேன். "பின்பக்கம் சுக்கான் அறை இருக்கும். அங்க என்ன இருக்குன்னு பாரு. பராக்கு பாக்காத. இருக்கறத இருக்கற மாதிரி வந்து சொல்லு, உன் கற்பனையெல்லாம் கலக்காத." இருக்கிறதை இருக்கிற மாதிரி... நான் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள், நாள் முழுக்க ஜனங்களின் மூக்கில் கனத்த சட்டத்தை மாட்டி, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, முதலில் காட்டியது தெளிவா இப்போது காட்டுவது தெளிவா என்று கேட்கிறவள், பாதி ஊர் என்னைக் கேட்டுத்தான் எழுத்தைப் படிக்கிறது, இவருக்கு மட்டும் நான் எதைப் பார்த்தாலும் அரைகுறையாகத்தான் பார்த்திருப்பேன்.

இந்தக் கப்பல் துறைமுகத்துக்கு வந்து ஒரு மாதம் இருக்கும், என்றைக்கோ மூழ்கிப்போன ஒரு பாய்மரக் கப்பலை அப்படியே திரும்பக் கட்டியிருக்கிறார்களாம், ஊரில் எல்லோரும் பார்த்தாயிற்று, இவர் மட்டும் வரமாட்டேன் என்று நின்றார். "நகலப் பாத்து நகல் எடுக்கறவன் நான் இல்ல. என்னோடது பழைய படத்துலேருந்து நேராச் செஞ்சது." ஆமாம், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து அதே கப்பலைத்தான் எங்கள் சாப்பாட்டு மேசையில் கையகல மரத்துண்டுகளால் கட்டிக்கொண்டிருந்தார், கட்டி முடிக்கும்வரை நாங்கள் மடியில் தட்டை வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டோம், எதைத் தின்றாலும் பசை வாசனை. அதற்கு முன்னால் குழாய்த் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை, தேறாத குழாயின் மேல் சிவப்புச் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்துத் தள்ளிவிட வேண்டும், அதுதான் உத்தியோகம், அந்தச் சாக்பீஸை அவர் சட்டைப் பையில் போட்டு வீட்டுக்கும் கொண்டு வந்துவிட்டார் என்று என் தங்கை சொல்வாள். துண்டு மடித்தது கோணல், பாட்டில் மூடி சரியாக மூடவில்லை, போனில் நான் பேசிய வாக்கியத்தில் அர்த்தமில்லை... குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்பார்கள், சுற்றம் எப்போதோ போயாயிற்று, பெற்ற மகனே போன் செய்தால் முதலில் கேட்பது அப்பா பக்கத்துல இருக்காரா என்றுதான். நான் எங்கே போவது, என்னைத்தான் கோடு இழுத்த பிறகும் தள்ளிவிடாமல் வீட்டிலேயே வைத்துக்கொண்டிருக்கிறார்.

அப்படிப்பட்டவர் நேற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டே நாளைக்குக் கப்பலுக்குப் போவோம் என்றார், நாளைக்கு விட்டால் கப்பல் கிளம்பிவிடுமாம். அடுத்த வாரம் ஊர் நூலகத்தில் இவருடைய கப்பலைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறார்கள், அந்தப் படபடப்பு என்றுதான் நினைத்தேன், நாலைந்து நாளாகத் தூக்கமில்லை, ஏதோ புத்தகத்தைப் புரட்டுகிறார், நான் அறைக்குள் வந்தால் மூடிவிடுகிறார். நூலகத் திறப்புக்குக் கப்பல் ஓட்டிய பெரிய அதிகாரி ஒருவர் வருகிறார், தொழிற்சாலையில் இவருக்குப் பதவி உயர்வு தராமல் விட்ட பழைய மேலாளருக்கும் இவரே போன் செய்து சொல்லியிருக்கிறார், வந்து பார்க்கட்டும் என்று. எல்லோரும் முக்கியமாகப் பார்க்க வேண்டியது சக்கரத்தையாம். பின்பக்கம் ஒரு பலகையைத் திறந்தாற்போல் விட்டிருக்கிறார், உள்ளே சுக்கான் அறை, அதில் கப்பலைத் திருப்புகிற சக்கரம், சட்டைப் பொத்தான் அளவுதான், ஆனால் சுற்றிலும் கைப்பிடிக் குச்சிகள், ஒவ்வொன்றும் பல்குத்தும் குச்சியைச் சீவித் தேய்த்துச் செய்தது. அது சின்னதாக இருக்கிறதே, யாருக்கும் தெரியாதே என்று பெட்டிக்கு முன்னால் ஒரு பூதக்கண்ணாடியை நிறுத்தப்போகிறார்கள், அந்த வில்லை என் கடையிலிருந்து நான் கொண்டுவந்து கொடுத்தது. நன்றி சொன்னாரா? ஓரத்தில் கீறல் இருக்கிறது என்றார், இருந்தது, நகத்தால் தடவினால்தான் தெரியும்.

அந்தக் குச்சிகளில் ஒன்று காணாமல் போன நாள்... அதை ஏன் இப்போது நினைக்கிறேன், ஏணியில் பின்புறமாகத் திரும்பி இறங்கும்போது முட்டி மடங்குகிறதே அதனாலா, அன்றைக்கும் முட்டி போட்டுத்தான் இருந்தேன். நான் அறையைப் பெருக்கினேன், குச்சி போய்விட்டது, நீதான் பெருக்கித் தள்ளினாய் என்றார். குப்பைத் தொட்டியை அப்படியே செய்தித்தாளில் கொட்டச் சொன்னார், மயிரும் தூசியும் காய்கறித் தோலும், அதில் என் விரலால் அளைந்து அளைந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன், அவருடைய தம்பியும் தம்பி மனைவியும் சோபாவில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். "என்ன அண்ணி, தங்கமா தேடறீங்க?" என்று கொழுந்தன் சிரித்தான், அவன் மனைவி சிரிக்காமல் ஜன்னலைப் பார்த்தாள், அதுதான் கூடுதலாகச் சுட்டது. கடைசியில் குச்சி அவருடைய சட்டை முழங்கையில் பசையோடு ஒட்டிக்கொண்டிருந்தது, அதையும் நான்தான் கண்டேன், முட்டி போட்டபடியே கையை நீட்டிக் காட்டினேன். "கெடச்சிடுச்சுல்ல, விடு," என்று எடுத்துக்கொண்டு மேசைக்குப் போய்விட்டார். விட்டேன், குப்பையைத் திரும்ப அள்ளிப் போட்டுக் கையைக் கழுவினேன், ஆனால் எங்கே விட்டேன், இதோ ஏணியில் ஏழு பேருக்கு நடுவில் அதை மென்றுகொண்டுதானே இறங்குகிறேன்.

"மேடம், தலை, தலை!" என்று கத்தினாள் கப்பலைச் சுற்றிக் காட்டுகிற பெண், அதற்குள் உத்தரத்தில் நெற்றி இடித்துவிட்டது. பழைய காலத்து மாலுமி மாதிரி தொளதொள சட்டையும் தலையில் துணியும், மணிக்கட்டில் மட்டும் புத்தம்புதுக் கடிகாரம், இதை மட்டும் என் கணவர் கவனித்திருந்தால் அவளை அழவைத்திருப்பார், மேலே ஏற்கெனவே ஒரு ஆணியைக் காட்டி இந்த மாதிரி ஆணி அந்தக் காலத்தில் ஏது என்று அவளை நிறுத்தி வைத்துக் கேட்டாயிற்று. தாரும் ஈர மரமும் கலந்த வாசனை, குனிந்தபடியே பின்பக்கம் போனோம், ஒரு அறை, அறை என்பதா அலமாரி என்பதா, நடுவில் தரையில் ஒரு பிளவு, அதிலிருந்து ஒரு கம்பம் மேலே நீண்டு நின்றது, என் தோள் உயரம், அவ்வளவுதான். நான் சக்கரத்தைத் தேடினேன். இந்தப் பக்கம் பார்த்தேன், அந்தப் பக்கம் பார்த்தேன், இன்னொரு அறை இருக்குமோ என்று அந்தப் பெண்ணையே கேட்டேன், சக்கரம் எங்கேம்மா? "எல்லாரும் அதத்தான் கேப்பாங்க," என்று சிரித்தாள். "இந்தக் கப்பல்ல சக்கரமே கிடையாது மேடம். சக்கரமெல்லாம் ரொம்பப் பின்னாடி வந்தது. இந்தக் கம்பத்த இடப்பக்கம் வலப்பக்கம் தள்ளணும், கீழ சுக்கான் திரும்பும். தள்றவருக்குக் கடல் சரியாத் தெரியாது. மேலேருந்து ஒருத்தர் கத்துவாரு, இவரு தள்ளுவாரு." கூட்டத்தில் ஒருவர், மேலே இருக்கிறவர் தப்பாகக் கத்தினால் என்ன ஆகும் என்றார். "கப்பல் தப்பாப் போகும், திட்டு மட்டும் கீழ இருக்கறவருக்கு!" எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், அவர்கள் நிறுத்திய பிறகும் நான் நிறுத்தவில்லை போலிருக்கிறது, அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

சக்கரமே கிடையாது... வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கூட்டம் நகர்ந்துவிட்டது, நான் நகரவில்லை, கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன், பல பேர் பிடித்துப் பிடித்து வழவழப்பாகியிருந்தது. ஆனைக்கும் அடி சறுக்கும், சறுக்கியே விட்டது, இப்போது எப்படிச் சொல்வது, நிதானமாகச் சொல்ல வேண்டும், அவருடைய குரலிலேயே சொல்ல வேண்டும், சுற்றி ஆட்கள் இருக்கும்போது, அந்தப் பெண் பக்கத்தில் நிற்கும்போது... ஏங்க, நீங்க செஞ்சது தப்பு, முதல்ல யோசிச்சிட்டு அப்புறம் செய்யணும், இல்லையா? முகம் எப்படிப் போகும், காது மடல் சிவக்குமே, அதைப் பார்க்கலாம். இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன், ஒவ்வொன்றும் முன்னதைவிட இனித்தது. அப்புறம்? சொன்ன பிறகு என்ன செய்வார்? இன்றே மேசையில் உட்கார்ந்து சக்கரத்தைப் பிடுங்குவார், அந்த இடத்தில் ஒரு குச்சியை நட்டுவிடுவார், குச்சி நட எவ்வளவு நேரம், அடுத்த வாரம் அதிகாரி வந்து குனிந்து பார்த்து, அட, இதைக்கூடச் சரியாகச் செய்திருக்கிறாரே என்பார், எல்லோரும் கை தட்டுவார்கள், எனக்குத் திரும்பவும் துண்டு மடிப்பு கோணல். உண்மையைச் சொன்னால் அது உதவியல்லவா, இவருக்கு நான் எதற்கு உதவி செய்ய வேண்டும்? சொல்லாமல் இருந்தால்... பூதக்கண்ணாடிக்குப் பின்னால் அந்தச் சக்கரம் பெரிதாகத் தெரியும், ஒவ்வொரு குச்சியும் தெரியும், பழைய மேலாளரும் தம்பியும் பார்த்துக்கொண்டிருக்க, கப்பல் ஓட்டிய அந்த மனிதர் ரொம்ப மரியாதையாக, சார், இந்தக் கப்பலில் சக்கரம் கிடையாதே என்பார். கம்பத்தை இடப்பக்கம் தள்ளிப் பார்த்தேன், லேசாக நகர்ந்தது.

மேலே ஏறியபோது வெயிலில் கண் கூசியது, அவர் அதே வடத்தின் மேல்தான் இருந்தார், ஆனால் உட்கார்ந்திருந்த விதம் வேறு, இரண்டு கையையும் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு, டாக்டர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறவர் மாதிரி. என்னைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை, முகத்தைப் பார்க்கவில்லை, என் நெற்றியில் இடித்த இடத்தைப் பார்த்தார், அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "கீழ... எல்லாம் நம்மளுது மாதிரிதான இருக்கு?" என்றார். நம்மளுது. அது எப்போதிலிருந்து நம்முடையது ஆனது, குப்பையில் கை விட்டேனே அன்றைக்கா? அப்போதுதான் உறைத்தது எனக்கு, மூடிய புத்தகம், தூங்காத கண், ஏணியைக் கண்டதும் வந்த வலி. இந்த மனிதருக்குச் சந்தேகம் வந்துவிட்டது, நேரில் போய்ப் பார்க்கத் தைரியமில்லை, அந்தப் பெண்ணிடம் கேட்கவும் மானம் விடவில்லை, என்னை அனுப்பியிருக்கிறார், ஏனென்றால் என் முன்னால் அவமானப்படுவது அவருக்கு அவமானத்தில் சேர்த்தியில்லை, கதவுக்கு முன்னால் யாராவது வெட்கப்படுவார்களா? பயந்திருந்தார், கீழுதடு உலர்ந்து போயிருந்தது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"இருக்குங்க. சக்கரம் இருக்கு. நீங்க செஞ்ச மாதிரியே."

"நல்லாப் பாத்தியா?"

"தொட்டுப் பாத்தேன்."

இன்னும் கேட்பார், எத்தனை குச்சி, என்ன மரம், சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி என்று துருவித் துருவிக் கேட்பார், நான் உளறுவேன், பிடித்துவிடுவார், எப்போதும் பிடித்துவிடுவாரே... கேட்கவில்லை. மூச்சை நீளமாக விட்டார், தோள் இரண்டும் இறங்கின. "சரி. நீ சொன்னா சரி," என்றார்.

நீ சொன்னா சரி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எதற்காவது ஒன்றுக்கு இதைச் சொல்வார் என்று எவ்வளவு காத்திருந்தேன், பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறுகிறது என்றபோது சொல்லவில்லை, என் அம்மா இந்தத் தடவை பிழைக்கமாட்டாள், கிளம்புவோம் என்றபோது சொல்லவில்லை, மறுநாள் போனோம், அம்மா இல்லை, நான் சொன்னதெல்லாம் உண்மையாக இருந்தது, ஒன்றுக்கும் அந்தச் ‘சரி’ வரவில்லை. வந்திருக்கிறது, இதற்கு. வாங்கி எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன், அந்தக் காலி அறைக்கே திரும்ப இறங்கி ஓடிவிடலாம் போல இருந்தது.

கரைக்கும் கப்பலுக்கும் நடுவே போட்டிருந்த பலகையில் எனக்கு முன்னால் விறுவிறுவென்று இறங்கிப் போனார், முட்டியில் ஒன்றுமே இல்லை. கீழே போய் நின்று, திரும்பி, கையை நீட்டினார், பலகை ஆடுது, பாத்து வா என்று. நான் பிடித்துக்கொண்டேன், உள்ளங்கை முழுக்க வியர்வை. கரைக்கு வந்த பிறகும் அவர் கையை எடுக்கவில்லை, நடந்துகொண்டே பேசினார், குரலே இளகிப் புதிதாகியிருந்தது, திறப்பு விழாவுக்குத் தம்பியைக் குடும்பத்தோடு வரச் சொல்ல வேண்டும், மகனையும் லீவு போட்டு வரச் சொல்லு என்றார். இன்னும் ஒரு வாரம் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம், இன்று வீட்டுக்குப் போய்க்கூடச் சொல்லலாம், சரியாகப் பார்க்கவில்லை என்று சொன்னால் நம்பத்தான் போகிறார், அதில் அவருக்கு எப்போதும் நம்பிக்கை உண்டு. "ஏய், கேக்கறேன்ல," என்றார், "உங்க கடையில அந்த பூதக்கண்ணாடி இன்னும் கொஞ்சம் பெருசாக் காட்டற மாதிரி கெடைக்குமா?"

எங்கள் கடையில் இரண்டாவது இழுப்பறையில், பழுப்புத்தாளில் சுற்றியபடி, கீறலே இல்லாத ஒன்று இருக்கிறது. "கிடைக்கும்," என்றேன், அவர் கையை விடாமல்.