கோபுரக் கழுகின் வீடு

காலைக் காட்சி முடிந்து வெளியே வந்த பீர் முகமது, தியேட்டர் வாசலைத் தாண்டுவதற்குள் படத்துக்குக் குழி தோண்டிவிட்டான்.

"இது கோபுரக் கழுகே இல்ல மாப்ள. கழுகு வேசம் போட்ட குடும்பஸ்தன்."

கூட வந்த ஸ்தனிஸ்லாஸ் தியேட்டரையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நடந்தான். அவனுடைய முழுப்பெயர் வாயில் நுழையாததால் தெருவுக்கு அவன் தனிசு. கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்தான். பீர் முகமதுவுக்குப் படிப்பு ஏறவில்லை. பேகம்பூரில் மாமாவின் பழைய பேப்பர் கடையில் தராசு பிடிக்கிறான். படிப்பு பிரித்தாலும் கோபுரக் கழுகு இருவரையும் பிரிக்கவில்லை.

பள்ளிக்கூட நாளிலிருந்தே மாதாமாதம் தமிழில் வருகிற வெளிநாட்டுக் காமிக்ஸ் அது. அழுக்குத் தாளில் கறுப்பு மையில் அச்சானது. அதன் நாயகன் அந்தி சாய்ந்ததும் இரும்பு இறக்கை கட்டிப் பறப்பான். கோபுர உச்சியில் தனியாக உட்கார்ந்து ஊரைப் பார்ப்பான். ஒவ்வொரு புத்தகத்தின் கடைசிப் படத்திலும் அதே வசனம்தான்: 'எனக்கென்று வீடு இல்லை. எனக்கென்று உறவு இல்லை. இந்த நகரமே என் பொறுப்பு!' இரண்டு பேரும் இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்.

அவனை வைத்து இங்கிலீஷில் எடுத்த முதல் படம் இரண்டு வருடம் முன்பு திண்டுக்கல்லுக்கு வந்தபோது, பீர் முகமது மடியில் காமிக்ஸை விரித்து வைத்துக்கொண்டு பார்த்தான். அய்யலூர்ச் சந்தையில் ஆடு வாங்குகிறவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல இறக்கை, இடைவார், பூட்ஸ் என்று ஒவ்வொன்றாகச் சோதித்தான். எல்லாம் பொருந்தியது. "அச்சு அசல்" என்று தீர்ப்புச் சொன்னான். ஸ்தனிஸ்லாஸுக்கு அந்தப் படம் சவசவ என்றிருந்தது. கதாநாயகன் உலக்கையை விழுங்கியவன்போலக் கடைசிவரை விறைப்பாகவே நின்றான். அசல் என்றால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று பேசாமல் இருந்துவிட்டான்.

இந்த இரண்டாவது படம் அப்படி இல்லை. இறக்கை கொஞ்சம் சின்னது. பூட்ஸ் வேறு மாதிரி. எல்லாவற்றையும்விட, பாதிப் படத்தில் கோபுரக் கழுகு வீட்டுக்குப் போனான். குறுகலான மாடிப்படி ஏறி, கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியில் இறக்கையை மாட்டினான். கை கழுவிவிட்டு மேசையில் உட்கார்ந்தான். ஒருத்தி வந்து சூப்பை வைத்துவிட்டு, அவன் தலைமுடியில் சிக்கியிருந்த கண்ணாடிச் சில்லை எடுத்துப் போட்டாள். அவ்வளவுதான் காட்சி. சண்டைக்கு விசிலடித்த கூட்டம் பீடி பிடிக்க எழுந்து போனது. ஸ்தனிஸ்லாஸ் அசையவில்லை.

டீக்கடை பெஞ்சில் வழக்கு தொடர்ந்தது.

"மொதப் படந்தான்லே படம். ரெக்கையில ஒரு இறகு கொறச்சல் கிடையாது."

"அதுல ரெக்கைதான் இருந்துச்சு. ஆளு இல்ல."

"இதுல ஆளு இருக்கான், கழுகு எங்க? வீடு இல்லன்னு சொன்னவன் வீட்டுல உக்காந்து சூப்பு குடிக்கிறான். வாக்குன்னா வாக்குதான மாப்ள? நாளைக்கு நீ சாமியாரா போன பெறகு உன்னைய வச்சு எவனாச்சும் படம் எடுத்து, அதுல உனக்கு ஒரு பொண்டாட்டியக் காட்டுனா நான் விட்டுருவேனா? திரையக் கிழிச்சுற மாட்டேன்?"

ஸ்தனிஸ்லாஸுக்கு டீ புரையேறியது.

ஜூன் மாதம் அவன் பாதிரியாராகப் படிக்கக் குருமடத்தில் சேரவேண்டும். இது இன்று நேற்று முடிவானதில்லை. மூன்று வயதில் அவனுக்கு விஷக்காய்ச்சல் வந்து டாக்டர் கைவிரித்தபோது, அம்மா வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள். நேர்ச்சை என்றால் மொட்டை போடுவார்கள், மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அம்மா ஆரோக்கியம்மாள் டீச்சருக்கு எதிலும் அரைகுறை ஆகாது, பிள்ளையையே நேர்ந்துவிட்டாள். பிழைத்தால் உனக்கே சாமியாராகத் தருகிறேன் என்று சொன்னாள், அவனும் பிழைத்தான். பிறகு அப்பா இறந்து, அவள் ஒருத்தி சம்பளத்தில் அவனைப் படிக்கவைத்து, இதோ ஜூன் வந்துவிட்டது. நேர்ந்துவிட்ட ஆட்டிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை.

அவனுக்குக் கோயில் மேல் கோபம் கிடையாது. ஜெபம் பிடிக்கும், பங்குச் சாமியாரையும் பிடிக்கும். ஆனால் குருமடத்தைப் பார்க்கப் போனபோது அங்கிருந்த நீளமான சாப்பாட்டு மேசை மட்டும் அவன் மனதைவிட்டுப் போகவில்லை. அத்தனை பேர் வரிசையாக உட்கார்ந்து, தலைகுனிந்து சாப்பிட்டார்கள். சாகும்வரை அப்படித்தான் சாப்பிடவேண்டும் என்று நினைத்ததும் அங்கிருந்து வெளியே வந்துவிட்டான். அதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். சோற்றுக்காகவா ஒருவன் சாமியை வேண்டாம் என்பான்?

அந்த வாரம் யாரிடமும் சொல்லாமல் மறுபடியும் படத்துக்குப் போனான். சண்டைகளின்போது கண்ணை மூடிக்கொண்டு, அந்த வீட்டுக்காட்சி வந்ததும் திறந்து பார்த்தான். தனக்கு வேண்டியது என்ன என்று அவனுக்கு நன்றாகவே தெரிந்துவிட்டது. அது தெரிந்ததில் சந்தோஷம் இல்லை, பயம்தான் வந்தது.

படம் மாறிய மறுநாள் பீர் முகமது சைக்கிளை மிதித்துக்கொண்டு வீட்டுக்கே வந்தான். முகத்தில் ஈயாடவில்லை. டீச்சர் கோயிலுக்குப் போயிருந்தாள்.

"ஏலே, மோசம் போயிட்டோம்லே."

கொடைக்கானல் பள்ளிக்கூடங்களில் கழித்துக்கட்டும் புத்தகங்கள் மூட்டை மூட்டையாக அவர்கள் கடைக்கு வரும். அன்றைய மூட்டையில் ஒரு இங்கிலீஷ் காமிக்ஸ் இருந்திருக்கிறது. வழவழப்பான தாளில், கலரில், கோபுரக் கழுகு. தமிழில் அவர்கள் நைந்துபோகப் படித்த அதே கதை. பீர் முகமது இரண்டையும் தரையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் புரட்டினான். படத்துக்குப் படம் ஒன்றாகவே வந்தது. கழுகு மழையில் கோபுரத்திலிருந்து குதிக்கிற இடத்தில் தமிழ்ப் புத்தகம் சட்டென்று கடைசிப் படத்துக்குத் தாவியது. இங்கிலீஷில் நடுவே சில பக்கங்கள் இருந்தன. மாடிப்படி, கதவு, ஆணியில் இறக்கை, மேசை, அந்தப் பெண்.

"கடைசிப் படத்துல என்னலே போட்டிருக்கு? படி."

ஸ்தனிஸ்லாஸ் படித்தான். "'செத்த நேரத்துல வந்துர்றேன், கதவத் தாப்பா போடாத'ன்னு பொண்டாட்டிகிட்டச் சொல்லிட்டுப் பறக்குறான்."

"அப்ப 'எனக்கென்று வீடு இல்லை'?"

"பக்கம் பத்தல போல. நடுவுல வெட்டிட்டு, வெட்டுனது தெரியாம இருக்க இவங்களே ஒரு வசனம் எழுதிட்டாங்க."

"எவன்லே அவன்? அந்த வசனத்த நான் சைக்கிள் மட்காடுல பெயிண்டு வச்சு எழுதியிருக்கேன்!" பீர் முகமது தலையில் அடித்துக்கொண்டான். ஆனால் நியாயஸ்தன், உடனே இறங்கிவந்தான். "சரி, இந்தப் படந்தான் அசலு. மொதப் படம் வெறும் ரெக்கை. நீதான் ஜெயிச்ச. ஜெயிச்சவன் எதுக்குலே அழுகுற?"

"எனக்குச் சாமியாராப் போகப் பிடிக்கல மாப்ள."

அவன் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. பீர் முகமது இரண்டு புத்தகத்தையும் மூடிவைத்தான்.

"பொண்ணு யாரு?"

"யாரும் இல்ல. ஒருத்தி இருந்தாலாச்சும் அவ மேல பழியப் போட்டிருப்பேன்."

"அப்ப என்கிட்ட அழுது என்ன ஆகப்போகுது? டீச்சர்கிட்டச் சொல்லு. வேணும்னா இதக் கொண்டுபோய்க் காட்டு" என்று இங்கிலீஷ் புத்தகத்தை அவன் மடியில் போட்டுவிட்டுப் போனான்.

காட்ட முடியுமா? ஸ்தனிஸ்லாஸ் சாயங்காலம்வரை யோசித்தான். கழுகின் சபதம் எவனோ ஒருவனின் கத்திரிக்கோல் வேலை. அம்மாவின் சபதத்தில் யாரும் பக்கம் வெட்டவில்லை. அழுது, முட்டிபோட்டு, முழுமனதாகச் செய்தது அது. அசலே அதுதான். பொய்யாக இருந்தால் தூக்கி எறிந்துவிடலாம்; உண்மையை என்ன செய்வது? புத்தகத்தைப் பரண்மேல் போட்டுவிட்டு வெறும்கையோடு அம்மாவிடம் போனான்.

அவள் அவனுடைய துண்டுகளில் குருமடத்தில் கொடுத்த எண்ணைச் சிவப்பு நூலால் தைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் குருமடத்துக்குப் போகல."

ஊசி நின்றது. "என்ன சொல்ற?"

"எனக்கு அந்த மனசு இல்லம்மா. உங்களுக்காகப் போனா பொய்யாப் போகணும். சாமிகிட்டப் பொய்யாப் போகக்கூடாதுல்ல."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டியிருந்தால் தேவலை. அவள் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, வகுப்பில் கேட்பதுபோலத் தணிந்த குரலில் கேட்டாள்.

"நீ கண்ணத் தொறக்காமக் கெடந்தப்ப, குடுக்குறதுக்கு என்கிட்ட வேற என்ன இருந்துச்சு?"

"தெரியும்மா."

"உனக்குத் தெரியாது. உனக்கு மூணு வயசு." துண்டால் கண்ணைத் துடைத்தாள். "ஊரு என்ன பேசும்னு நான் அழுகல. வாக்கு மாறுனா மாதா உன்னைய எடுத்துக்கிருவாளோன்னு பயமா இருக்குலே."

இத்தனை வருடமும் அவள் கர்வத்தோடுதான் இருக்கிறாள் என்று அவன் நினைத்திருந்தான். ஒவ்வொரு தும்மலுக்கும் பயந்துகொண்டு இருந்திருக்கிறாள். அவன் அவள் காலடியில் உட்கார்ந்தான். அவள் துண்டை ஓரமாக வைத்தாள். எழுந்துபோய் இரண்டு பேருக்கும் சோறு போட்டாள்.

மறுநாள் விடிந்தபோது அம்மா பூசைக்குப் போகிற வெள்ளைச் சேலை கட்டி, பையோடு வாசலில் நின்றாள். திருச்சி பஸ்ஸைப் பிடித்து அங்கிருந்து வேளாங்கண்ணி போகிறாளாம். அவன் அவசரமாகச் சட்டையை மாட்டினான்.

"இருங்கம்மா, நானும் வாரேன்."

"வேணாம். நேந்தது நான். போய் விட்டுரச் சொல்லிக் கேக்க வேண்டியதும் நான்தான்."

"அம்புட்டுத் தூரம் தனியா எப்படிப் போவீங்க? தொணைக்காச்சும் வாரேன்."

ஆரோக்கியம்மாள் படியிறங்கிவிட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"நீ வராதலே. அங்க வச்சு உன் மொகத்தப் பாத்தா, மறுபடியும் எதையாச்சும் நேந்துருவேன்."